முப்பத்தேழு உயிர்களும் முப்பத்தேழு பாலங்களும்

தலைவர் எந்த வரியில் இருமினார், எந்த வரியில் தண்ணீர் குடித்தார், எந்தச் சொல்லை மென்று விழுங்கினார் என்பதெல்லாம் அந்த நாட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் அதிகாரபூர்வமாகத் தெரியும். அலுவலகத்தில் அவளைப் பென்சிலக்கா என்பார்கள். ஆண்டுதோறும் நினைவு நாளன்று மேடைக்கு இடப்பக்கம், படிக்கட்டை ஒட்டி, முழங்கால் இடிக்கிற ஒரு குட்டி மேசை போடுவார்கள். அதுதான் அவள் இடம். எதிரே தலைவருடைய உரையின் தட்டச்சுப் பிரதி. கையில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். தலைவர் விட்டுவிட்ட சொல்லைச் சிவப்பால் அடிக்க வேண்டும். புதிதாகச் சேர்த்ததை நீலத்தால் ஓரத்தில் எழுத வேண்டும். கைதட்டல், பெருமூச்சு, மௌனம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு.

இந்தப் பிரதிக்குப் "பேசியபடி" என்று பெயர். எழுதிக் கொடுத்தது வெறும் வரைவு, பேசியதே பதிவு என்பது அரசாங்க விதி. பேச்சு நடப்பது காலையில். தொலைக்காட்சியில் வருவது சாயங்காலம். இடைப்பட்ட நேரத்தில் ஒலிப்பதிவுக்காரர்கள் அவளுடைய பிரதியைப் பார்த்துத்தான் வெட்டி ஒட்டுவார்கள். நாடாவில் ஒன்றும் பிரதியில் வேறொன்றும் இருந்தால் பிரதிதான் செல்லும். மைதானத்தில் கேட்டவர்கள் இருப்பார்களே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட கூட்டம் அது. முன்னால் நிற்கிற ஆள் கையைத் தூக்கினால் தட்டும், இறக்கினால் நிறுத்தும். கேட்பது அதன் வேலையில் சேர்த்தியில்லை.

இருபத்திரண்டு வருட வேலையில் அவள் செய்த தவறு ஒன்றே ஒன்று. முந்தைய தலைவர் ஒருமுறை வெயில் தாங்காமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இவள் உட்கார்ந்திருந்த கோணத்தில் அது கண்ணைத் துடைப்பதுபோல் தெரிந்தது. "கண்களைத் துடைத்துக்கொண்டார்" என்று நீலத்தில் எழுதிவிட்டாள். அடுத்த ஆண்டு வரைவிலேயே அடைப்புக்குறிக்குள் "இங்கே கண்களைத் துடைக்கவும்" என்று வந்துவிட்டது. இப்போது மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அழுகிற தலைவரின் படம் இருக்கிறது. இன்றைய தலைவர் நினைவு நாளன்று இரண்டு கைக்குட்டைகள் எடுத்து வருகிறார், ஒன்று வியர்வைக்கு, ஒன்று வரலாற்றுக்கு. அன்றிலிருந்து அவள் ஒரு முடிவோடு இருந்தாள். காதில் விழுந்தது மட்டும்தான் காகிதத்தில் விழும். நினைத்தது விழாது.

நினைவு நாள் எதற்காக என்று இன்னும் சொல்லவில்லையே. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் நகரத்தின் மாவுக் கிடங்கு வாசலில் வரிசையில் நின்ற ஜனங்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். கிடங்கைக் கொள்ளையடிக்க வந்ததாகச் செத்தவர்கள் மேலேயே வழக்கும் போட்டார்கள். குற்றவாளிகள் இறந்துவிட்டதால் வழக்கைப் பெருந்தன்மையோடு மூடினார்கள். பிறகு ஆட்சி மாறி, கல் நட்டு, பெயர்களைச் செதுக்கினார்கள். அதில் பத்தொன்பதாவது பெயர் பென்சிலக்காவின் தம்பி. அப்போது அவனுக்குப் பதினாறு, அவளுக்குப் பத்தொன்பது. இருவரும் ஒரே பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "நீ முன்னாடி போய் இடம் பிடிடா" என்று பையை விட்டவள் அவள்தான். வீட்டுக்கு ஒருவருக்கு அரசு வேலை என்று பின்னால் அறிவித்தபோது கிடைத்ததுதான் இந்தப் பென்சில்.

அவள் வேலைக்கு வந்த முதல் ஆண்டு உரையில் "சுட்டுக் கொல்லப்பட்ட முப்பத்தெட்டுப் பேர்" என்று இருந்தது. அடுத்த வருடம் "சுட்டு" என்ற சொல் வந்ததும் தலைவர் தண்ணீர் குடித்தார், குடித்தபின் அடுத்த சொல்லிலிருந்து தொடர்ந்தார். அவள் சிவப்பால் அடித்தாள். அதற்கடுத்த வருடம் வரைவிலேயே அது இல்லை. பிறகு கொல்லப்பட்டவர்கள் மாண்டவர்கள் ஆனார்கள். மாண்டவர்கள் உயிர் நீத்தவர்கள் ஆனார்கள். இப்போது உயிர் ஈந்தவர்கள். என்னவோ அந்த முப்பத்தெட்டுப் பேரும் குளித்து முழுகி, தலை சீவி, மனமுவந்து கிடங்குக்குப் போய் உயிரைக் கொடுத்துவிட்டு, ரசீதுகூட வேண்டாம் என்று சொன்னவர்கள் மாதிரி ஆகிவிட்டது. யாரும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. ஆளுக்கொரு வாய் தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான்.

எண் மட்டும் அப்படியே நின்றது. சதை கரைந்தாலும் எலும்பு கரையாது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்வாள். முப்பத்தெட்டு என்று ஒலிபெருக்கியில் வரும்போது, அதில் ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளை என்று மனசுக்குள் ஒரு விரலை மடக்குவாள்.

இருபத்திரண்டாவது ஆண்டு, ஏழாம் பக்கம். நான்காம் வரியில் முப்பத்தெட்டு உயிர்கள். ஐந்தாம் வரியில் முப்பத்தேழு பாலங்கள். தலைவரின் கண் ஒரு வரி கீழே வழுக்கியது.

"முப்பத்தேழு உயிர்களை இந்த நாடு ஒருபோதும் மறக்காது. அந்த மறவா நினைவோடுதான் முப்பத்தேழு பாலங்களைக் கட்டி முடித்திருக்கிறோம்!"

கை தூக்கப்பட்டது. கூட்டம் தட்டியது.

அவள் பென்சில் காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. சும்மா விட்டிருந்தால் போதும். முப்பத்தெட்டு என்று அச்சடித்தது அச்சடித்தபடி இருந்திருக்கும், ஈ எறும்புக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் காதில் விழுந்தது ஏழு. கேட்காததை ஒருமுறை எழுதியதற்கு நாடே அழுதுகொண்டிருக்கிறது, மறுபடியுமா? மேலே இருப்பவர்கள் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள் என்று நினைத்தாள். எட்டைச் சிவப்பால் அடித்து, ஓரத்தில் நீலத்தால் ஏழு என்று எழுதினாள்.

மேலே இருப்பவர்கள் பார்க்கத்தான் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியும் காது பாம்புக் காது.

"ஏழுன்னானே?"

"வாய் தவறியிருக்கும்மா."

"வாய் தவறினா சொல்றதுக்குத்தானேடி நீ அங்க உக்காந்திருக்க?"

"சொல்றதுக்கு இல்லம்மா. எழுதறதுக்கு."

அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்தாள். "ஒருத்தன் கொறையுறானே. யாரு வீட்டுப் புள்ளைடி பொழைச்சுது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பு பென்சிலக்காவுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒத்திசைவுப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. பேச்சுக்கும் நாட்டுக்கும் ஏதாவது பொருந்தாமல் இருந்தால் நாட்டைத் திருத்துகிற பிரிவு அது. பாடநூல், கல்வெட்டு, கோப்பு எல்லாம் அவர்கள் கையில். அதன் கண்காணிப்பாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். தங்கமான மனிதர். குரல் உயர்த்திப் பேச மாட்டார்.

"உக்காருங்கக்கா. பிஸ்கட் எடுத்துக்கோங்க. ஒரு சின்னச் சிக்கல். கல்லுல முப்பத்தெட்டுப் பேரு இருக்கு. பேச்சுல முப்பத்தேழு. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

"அவரு கண்ணு ஒரு வரி தாண்டிடுச்சு சார். நான் பார்த்தேன்."

"பார்த்தீங்க. எழுதினீங்களா?"

"ஏழுன்னு கேட்டுது. ஏழுன்னு எழுதினேன்."

"அப்புறம் என்ன? இருபத்திரண்டு வருஷத்துல உங்க பிரதியில ஒரு தப்பு வந்ததில்லையே. நீங்க எழுதினா அது நடந்ததுதான்." அவர் பிஸ்கட் தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "நல்லவேளை, பாலத்தக் கூட்டிச் சொல்லலை. சொல்லியிருந்தா இன்னொரு பாலம் கட்டித் தொலைக்கணும். ஆத்துக்கு எங்க போறது? உயிர்லதான் கொறைச்சிருக்காரு. வேலை சுலபம்."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கலாம். சறுக்கியது என்று எழுதத்தான் அந்த நாட்டில் படிவம் இல்லை.

கண்காணிப்பாளர் பட்டியலை எடுத்து விரலால் வருடிக்கொண்டே போனார். "மொத ஆளு, மகன் வக்கீல். வேணாம். ரெண்டாவது, அவரு வீட்டம்மா வாயைத் தொறந்தா தெருவே கூடிடும். நாலு, அஞ்சு, ஆறு ஒரே வீடு, ஒண்ணத் தொட்டா மூணும் வரும். பதினொண்ணு, பேரன் பத்திரிகைக்காரன்..." விரல் பத்தொன்பதில் நின்றது. "இது நம்ம ஆளு. வெளிய போய் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல."

"சார், அது என் தம்பி."

"அதனாலதான்கா சொல்றேன்."

"என் கண்ணு முன்னாடி விழுந்தான் சார்."

"தெரியும். எழுதியிருக்கீங்களே." பழுப்பேறிய ஒரு கோப்பைத் திறந்தார். அவளுடைய வேலை விண்ணப்பம். இருபத்தைந்து வயசுக் கையெழுத்தில், நானும் அன்று வரிசையில் நின்றிருந்தேன், ஐந்தடி முன்னால் என் தம்பி விழுந்ததைப் பார்த்தேன் என்று. "அவன் செத்ததுக்காகக் குடுத்த வேலைக்கா இது. அவன் சாகலைன்னா நியாயமா வேலையும் கிடையாது. ஆனா அதை இந்தப் பிரிவுல ஒருத்தரும் கேக்க மாட்டோம். நான் இருக்கற வரைக்கும் கேக்க மாட்டோம். இங்க ஒரு கையெழுத்து."

அவள் அம்மாவை நினைத்தாள். வேலையோடு வந்த இரண்டு அறை வீட்டை நினைத்தாள். பெயர்தானே, கல்லில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, செத்தது செத்ததுதானே என்றும் நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். இருந்த மூளையை அன்று பிஸ்கட்டோடு சேர்த்து மென்றுவிட்டாள் போலும்.

பத்தொன்பதாவது வரியைச் சுரண்டி, அந்த இடத்தில் ஒரு இலையைச் செதுக்கினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அரசாங்கக் கோப்பு கொடிமாதிரி, ஒன்றை இழுத்தால் இன்னொன்று கூடவே வரும். சாகாதவன் என்றால் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான் என்றால் கிடங்கு வழக்கில் அவன் பெயரை எதற்கு மூடினார்கள்? முப்பத்தேழு பேர் இறந்துவிட்டார்கள், சரி. முப்பத்தெட்டாவது ஆள் இருபத்தெட்டு வருடமாக எங்கே ஒளிந்திருக்கிறான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடியாணையோடு இரண்டு காவலர்கள் மூன்றாம் மாடி ஏறி வந்தார்கள். அம்மாதான் கதவைத் திறந்தாள்.

"உங்க மகன் இருக்காரா?"

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த மகன்?"

"உங்களுக்கு எத்தனை மகன்?"

"ஒருத்தன்தான். அவன் போய்ச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சுப்பா."

"இல்லம்மா, உயிரோட இருக்காருன்னு மேலேருந்து வந்திருக்கு. முத்திரை குத்தின கடுதாசி. பாருங்க."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் பென்சிலக்கா சிறுவயதில்கூடக் கண்டதில்லை. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவன் செத்துட்டாம்மா. நான் பார்த்தேன். நீதானேம்மா அவனைக் குளிப்பாட்டின?"

"குளிப்பாட்டினேன்" என்றாள் அம்மா. "அப்பவே நெனச்சேன்டி. அந்தக் காது அவன் காது இல்ல. அந்தக் கூட்டத்துல எதையாவது சொன்னா என்னைப் பைத்தியம்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. அம்பலத்தின் சொல் ஏழை வீட்டு அடுக்களை வரைக்கும் வரும் என்பதை யாரும் பழமொழியாக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு காவலர் மாடிப்படியிலேயே தங்கிவிட்டார், நாள் முழுக்க. அம்மா அவருக்கு இரண்டு வேளை தேநீர் கொடுத்தாள், உட்காரப் பலகை போட்டாள்.

"அவன் வந்தா அடிக்காதீங்க தம்பி. சின்னப் புள்ளையிலேயே அவனுக்கு அடி தாங்காது."

"வரட்டும்மா. பேசிக்கலாம்."

காவல் துறையில் கைராசிக்கார ஓவியர் ஒருவர் இருந்தார். பதினாறு வயதுப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, இன்று அவன் எப்படி இருப்பான் என்று நாற்பத்து நான்கு வயசு முகம் வரைந்து கொடுத்தார். நெற்றி ஏறி, கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே பையோடு. "தேடப்படுகிறார்" என்று தெருத்தெருவாகச் சுவரில் ஒட்டினார்கள். அம்மா ஒன்றைக் கிழியாமல் உரித்து வந்தாள். பழைய புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டு இதை மாட்டினாள்.

"எப்படி மெலிஞ்சுட்டான் பாரேன். யாரு ஆக்கிப் போடுறாளோ."

கதவுக்குத் தாழ் போடுவதை விட்டாள். ஆள் உயரத்தைக் கையாலேயே அளந்து, பெரிய அளவில் சட்டை ஒன்று வாங்கிவரச் சொல்லி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்த்து வைத்தாள். மகள் அலுவலகத்திலிருந்து வரும் சத்தம் கேட்டால் ஓடிவந்து கதவைத் திறப்பாள். மகளைப் பார்க்க மாட்டாள். மகளுடைய தோளுக்கு மேலே, காலிப் படிக்கட்டைப் பார்ப்பாள். "யாரும் வரலையா?" என்பாள்.

மாதங்கள் போகப்போகப் பென்சிலக்காவுக்கே ஒரு சந்தேகம் தட்டத் தொடங்கியது. தெரு முனையில் அந்தச் சுவரொட்டியைத் தாண்டும்போது நடை தானாக மெதுவானது. பையை விட்டோமே, முன்னால் போனானே, விழுந்தது அவன்தானா? ஐந்தடியா, ஐம்பதடியா? ஒருநாள் பேருந்தில் மெலிந்த ஒரு ஆள், கண்ணுக்குக் கீழே பையோடு, அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். வீடுவரை நடந்தாள். இறங்கியது அவன் சிரித்ததால் அல்ல. தானும் திருப்பிச் சிரித்துவிட்டதால்.

அன்று முடிவு செய்தாள். தம்பியைத் திரும்பச் சாகடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவனை இரண்டாவது முறை கொன்றவள் நான்தான்.

மனுப் போட்டு நடக்கிற காரியமில்லை இது. வழி ஒன்றுதான் இருந்தது. அதன் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம்.

நினைவு நாள் வந்தது. குட்டி மேசை, படிக்கட்டு, வெயில். இந்த முறை பாலங்களைப் பத்தாம் பக்கத்துக்குக் கடத்தியிருந்தார்கள், மறுபடி கண் வழுக்காமல் இருக்க. தலைவர் வரலாற்றுக் கைக்குட்டையைச் சரியான வரியில் எடுத்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கடித்து, தெளிவாகச் சொன்னார். முப்பத்தேழு.

அவள் ஏழு என்பதைச் சிவப்பால் அடித்தாள். நீலத்தால் எட்டு என்று எழுதினாள். இருபத்து மூன்று வருடத்தில் அவள் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. அதுதான் நிஜமும்கூட.

ஒலிப்பதிவுக்காரர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஆனால் விதி விதிதான். நான்கு வருடம் முந்தைய நாடாவிலிருந்து தலைவரின் "முப்பத்தெட்டு" ஒன்றைத் தேடியெடுத்து ஒட்டினார்கள். சாயங்காலம் அது நாடு முழுக்க ஒலித்தது, மற்ற சொற்களைவிடக் கொஞ்சம் இளமையான குரலில்.

அம்மா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்புப் பெட்டி நின்றது.

"எட்டுன்றானே?"

"ஆமாம்மா."

"இப்ப யாருடி செத்தது?"

பென்சிலக்கா எழுந்து தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தாள்.

"நம்ம புள்ளை இல்லையே?" அம்மாவின் கண் சுவரில் மாட்டியிருந்த மெலிந்த முகத்துக்கு ஓடியது. "சொல்லுடி. நீதானே அங்க உக்காந்திருந்த? நம்ம புள்ளை இல்லன்னு சொல்லு."

தேய்ப்புப் பெட்டிக்கு அடியில் சட்டை கருகும் வாசனை வந்தது. வெளியே படிக்கட்டில் காவலர் இருமினார்.

மறுவாரமே அழைப்பு வந்தது. அதே அறை, அதே தட்டு, பிஸ்கட் மட்டும் வேறு.

"அக்கா, அக்கா" என்றார் கண்காணிப்பாளர், செல்லமாகக் கோபித்துக்கொள்கிறவர் போல. "ஒரு வருஷம் கொறைக்கறீங்க, ஒரு வருஷம் கூட்டறீங்க. கல்லுல இலையெல்லாம் செதுக்கியாச்சு. இப்ப ஒரு பேரு வேணுமே."

அவள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். "பத்தொன்பதாவது பேரு சார். என் தம்பி பேரு. அதையே திரும்பப் போட்டுடுங்க."

"ஐயோ, அது முடியாதேக்கா." நிஜமாகவே வருத்தப்பட்டார். "அவரு தேடப்படுற ஆளு. பிடியாணை இருக்கு, சுவரெல்லாம் படம் இருக்கு. பக்கத்து ஊர்ல ரெண்டு பேரு அவரை நேர்லயே பார்த்திருக்காங்க, வாக்குமூலம் குடுத்திருக்காங்க. உயிரோட இருக்கற ஒருத்தர நாம எப்படிச் சாகடிக்கறது? பாவம் இல்லையா?"

மின்விசிறி சுற்றியது. மேசையில் அந்தப் பழுப்புக் கோப்பு ஏற்கெனவே திறந்து கிடப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"வேற ஒருத்தர்தான் வேணும். அன்னிக்கு அந்த வரிசையில நின்னவங்களா இருக்கணும், ஆதாரத்தோட. வீட்டுல சத்தம் போடறவங்க யாரும் இருக்கக் கூடாது." விண்ணப்பத்தின் நடுவில் ஒரு வரிக்குக் கீழே அவருடைய விரல் மெதுவாக ஓடியது. "அன்னிக்கு நீங்களும் நின்னீங்கல்லக்கா?"

அவள் தன் பழைய கையெழுத்தைப் பார்த்தாள்.

"கேட்டதை எழுதறவங்க நீங்க. நீங்களே எழுதினது." கையை நீட்டினார். "அந்தப் பென்சிலக் கொஞ்சம் குடுங்க."

அவருடைய பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனாலும் கொடுத்தாள். அவர் நீலமுனையால், நிதானமாக, பட்டியலில் கல்லின் இலைக்கு நேரான பத்தொன்பதாவது வரியில் அவள் பெயரை எழுதினார். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார். பிறகு பென்சிலைத் தன் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். "நாளைக்கு வர வேணாம்கா" என்றார். "ஓய்வெடுங்க."

அவள் வழக்கமான பேருந்தில் வந்தாள், வழக்கமான முனையில் இறங்கினாள், மூன்று மாடி ஏறினாள். படிக்கட்டுக் காவலர் தினமும் "வாங்கக்கா" என்று காலை மடக்கி வழிவிடுகிறவர். இன்று மடியில் இருந்த காகிதத்தில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை, காலை மடக்கவில்லை. அவள் தாண்டிப் போனாள்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவளுடைய தோளுக்கு மேலே படிக்கட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும் வரலையா?"

"இல்லம்மா" என்றாள் பென்சிலக்கா. "யாரும் வரல."

அம்மா கதவைச் சாத்தினாள். தாழ் போடவில்லை.